காய்ச்சல் இல்லாமல் வந்த ஃபுளூ

என் தம்பி சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவன். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், கொஞ்சம் ஸ்டீராய்டு என்று தினமும் மாத்திரை ஓடும். மூன்றுமே எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. அதனால் ஐப்பசி அடைமழையில் ஃபுளூ தொற்றியபோது அவனுக்குக் காய்ச்சலே பெரிதாக ஏறவில்லை. வறட்டு இருமலும் அசதியும்தான். சிறுநீரக டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார்: "காய்ச்சல் வரட்டும்னு காத்திருக்காதீங்க, மூச்சு வாங்கினா உடனே கிளம்புங்க." மாடிப்படி ஏறியவனுக்கு விரலில் கருவியை மாட்டினால் ஆக்சிஜன் 90-க்குக் கீழே. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ஆம்புலன்ஸ் பிடித்தோம்.

அங்கே மூக்கில் குச்சி விட்டு எடுத்த ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ். டாக்டரம்மா அதைச் சட்டை செய்யவில்லை. அந்த டெஸ்ட் ஃபுளூவைக் கோட்டை விடுவது சகஜமாம். இன்னும் துல்லியமான ஆர்டிபிசிஆர் டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, முடிவு வருமுன்பே ஃபுளூ வைரஸை அடக்கும் ஓசல்டமிவிர் மருந்தைத் தொடங்கிவிட்டார். இப்படிப்பட்ட நோயாளிக்குத் தாமதம்தான் ஆபத்து என்றார். இன்ஃப்ளூயன்சா ஏ என்று முடிவு வந்தபோது தம்பி வென்டிலேட்டரில் இருந்தான். குப்புறப் படுக்கவைத்து மூச்சு கொடுத்தார்கள்.

ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த எனக்குப் புரிந்தவரை, வைரஸோடு மட்டும் சண்டை இல்லை. மாத்திரைகளுக்குள்ளேயே இழுபறி. தொற்றை அடக்க மைக்கோஃபினோலேட்டை நிறுத்தினார்கள். ஸ்டீராய்டை அப்படி நிறுத்த முடியாது. வருடக்கணக்கில் சாப்பிட்டவன் உடம்பு, தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். ஃபுளூவுக்காக அதைக் கூட்டவும் கூடாதாம். அப்புறம் நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை. கடும் ஃபுளூ புண்ணாக்கிய நுரையீரலில் இது புகுந்துகொள்ளும். அதற்குக் கொடுத்த வோரிகோனசோல், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை எகிற வைக்கும். எகிறினால் சிறுநீரகம் கெடும். ஆகவே டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். ஓசல்டமிவிரின் அளவுகூட, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்டைப் பார்த்துத்தான். வழக்கமாக 5 நாள் கொடுக்கும் மருந்தை இவனுக்கு நீட்டித்தார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் உடம்பில் வைரஸ் வாரக்கணக்கில் தங்குமாம். தனி அறையும் அதற்காகத்தான்.

நான் செய்த உருப்படியான வேலை ஒன்றுதான். அவன் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், கடைசியாக எடுத்த டாக்ரோலிமஸ் லெவல் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஐசியு டாக்டரிடம் கொடுத்து, சிறுநீரக டாக்டரையும் போனில் பேசவைத்தேன். "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டால் "அப்படியேதான்" என்பார்கள். "இன்னைக்கு லெவல் எவ்வளவு சார், கிரியாட்டினின் எவ்வளவு?" என்று கேட்டால் நின்று பதில் சொன்னார்கள்.

வீடு திரும்பியதும் குடும்பத்துக்கே ஃபுளூ ஊசி. அவனுக்குப் போட்டாலும் முழுசாகப் பிடிக்காது என்பதால் கூட இருப்பவர்கள் போடுவது முக்கியம். வைரஸ் உருமாறுவதால் வருடாவருடம் போட வேண்டும். மூக்கில் அடிக்கும் வகை அவனுக்கு ஆகாது, அதில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அப்பா மட்டும் "எனக்கென்னடா கேடு?" என்று முரண்டு பிடித்தார். அம்மா போட்ட சத்தத்தில் கையை நீட்டினார்.

வோரிகோனசோல் இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்தும்போது டாக்ரோலிமஸை மறுபடி ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் லெவல் சரிந்து சிறுநீரகத்தை உடம்பு தள்ளத் தொடங்கும். இப்போதைக்கு நுரையீரல் டாக்டர் எந்த மருந்தை மாற்றினாலும், சீட்டைப் போட்டோ எடுத்து உடனே சிறுநீரக டாக்டருக்கு அனுப்பிவிடுகிறேன்.