ஞாயித்துக்கிழமை நோட்டு

எழுதணும்னு ஆசை இருக்கு ஆனா வேலைக்கும் போறோம்னு சொன்னா எல்லாரும் சொல்ற ஒரே யோசனை தினமும் கொஞ்சம் எழுதுங்கன்றதுதான், எனக்கு அது ஒத்தே வரல. ராணிப்பேட்டை பக்கம் தோல் பதப்படுத்துற ஒரு டேனரியில சூப்பர்வைசரா இருக்கேன், ஷிப்ட் முடிச்சு பஸ் ஏறி ஆற்காடு, மேல்விஷாரம்லாம் தாண்டி வேலூர் வந்து எறங்குறப்போ சட்டையில சுண்ணாம்பு வாடை, கண்ணுல தூக்கம், அதுக்கு மேல உக்காந்து கதை எழுதுன்னா எங்க எழுதுறது. என்னை எழுத வச்சது வாரத்துக்கு ஒரு தடவை உக்காந்து அந்த வாரத்தைத் திரும்பிப் பாக்குற பழக்கம்தான்.

வேலை நாள்ல கதை எதுவும் எழுதறதில்ல. பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு, காதுல விழுந்தது கண்ணுல பட்டது எதுனா இருந்தா ஒரு வரி, அவ்ளோதான்.

முடி போறதுக்காக தோல்ல ஏத்தின சுண்ணாம்பை அப்புறம் பெரிய டிரம்ல போட்டு சுத்த விட்டு எடுப்போம், அது முழுசா போயிடுச்சான்னு பாக்க ஓரத்துல வெட்டி அந்த வெட்டுல பினாப்தலீன்ற மருந்து ஒரு சொட்டு விடுவோம், ரோஸ் கலர் ஆச்சுன்னா உள்ள இன்னும் சுண்ணாம்பு இருக்கு, டிரம்மை இன்னும் ஓட்டணும், கலரே வரலேன்னா முடிஞ்சுது. எங்க டிரம்காரர் ஒருத்தரு, வயசானவரு, நான் சொட்டு விடுறதுக்கு முன்னாடியே தோலைக் கட்டைவிரலால அமுக்கிப் பாத்துட்டு "இன்னும் அரை மணி ஓட்டு தம்பி, உள்ள வேகல"ன்னாரு. அப்புறம் சொட்டு விட்டுப் பாத்தா நடுவுல மெலிசா ஒரு ரோஸ் கோடு. நோட்டுல "கட்டைவிரல், உள்ள வேகல"ன்னு மட்டும் குறிச்சு வச்சேன்.

ஞாயித்துக்கிழமை காலைல வெயில் ஏறதுக்குள்ள கோட்டை பக்கம் போயிடுவேன், மே மாசத்துல எட்டு மணிக்கு மேல அங்க உக்கார முடியாது. அகழி ஓரமா உக்காந்து மொதல்ல அந்த வாரத்து வரியெல்லாம் படிக்கிறது மட்டும்தான், பேனா மூடியே இருக்கும். ஒவ்வொரு வரிக்கும், இதை ஏன் குறிச்சோம், அந்நேரம் அவங்க கையில என்னா இருந்துச்சு, சுத்தி யார் நின்னுனு இருந்தாங்கன்னு யோசிப்பேன். அந்த கட்டைவிரல் வரியை அப்படிப் படிக்கிறப்போதான் அவரோட ரப்பர் கிளவுஸ் ஞாபகம் வந்துச்சு, வலது கையில கட்டைவிரல் இடத்தை மட்டும் வெட்டி விட்டிருப்பாரு. தெனம் பாக்குற கிளவுஸ்தான், ஆனா ஏன் வெட்டினாருன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது, அதுலேர்ந்துதான் ஒரு கதையே வந்துச்சு.

தோல் கெடாம இருக்க குரோம் உப்பு ஏத்துவோம், அப்படி ஏத்தின தோலை டிரம்லேர்ந்து எடுத்ததும் அடுத்த மிஷினுக்கு ஓட்ட மாட்டோம், அடுக்கி வச்சு ஒருநாளாவது விட்டாத்தான் குரோம் உள்ள நல்லா புடிக்கும். பாத்த விஷயமும் அப்படித்தான்னு நினைக்கிறேன், அன்னிக்கே எழுதினா வெறும் கோவமோ வெறும் பாராட்டோதான் வருது.

வேலைக்குப் போறவன் எழுத்தாளன் ஆக முடியாதுன்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். நம்ம ஜில்லாக்காரர் மு.வ. திருப்பத்தூர் தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவர்தான, அப்புறம் தமிழ் படிச்சு 1935ல வித்துவான் பாஸ் பண்ணி பள்ளிக்கூட வாத்தியார், காலேஜ் புரொபசர், மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்னு போனாரு, வேலையும் பாத்துக்கினு நாவல் நாவலா எழுதினாரு. நினைக்கிறப்போ அவ்ளோ தெம்பா இருக்கும்.

ஞாயித்துக்கிழமை வரியெல்லாம் படிச்சு முடிச்சதும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அந்த அகழி ஓரத்துலயே ஒரு பக்கம் எழுதிடுவேன், மீதியெல்லாம் அடிச்சுடுவேன். சாயந்திரம் ஆம்பூர்ல ஷூ கம்பெனில தையல் செக்ஷன்ல இருக்கிற அக்கா ஒருத்தங்களுக்கு போன்ல படிச்சுக் காட்டுவேன், அவங்களும் அவங்க பக்கத்தைப் படிப்பாங்க. நல்லாருக்கு நல்லால்லன்னு ரெண்டு பேரும் சொல்றதில்ல. அவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "இதுல நீ எங்கப்பா நின்னுனு இருந்த?" இதுக்குப் பதில் சொல்ல முடியலேன்னா அந்தப் பக்கம் இன்னும் ஆகலைன்னு எனக்கே தெரிஞ்சுடும், அடுத்த வாரம் திரும்ப எடுப்பேன். கட்டைவிரல் கதை அப்படித்தான் பல தடவை மாறுச்சு, கடைசில டிரம் பக்கத்துல சொட்டு பாட்டிலோட காத்துக்கினு நிக்கிற சின்னப் பையன் வாயால சொன்னதும்தான் அக்கா "இப்ப சரி"ன்னாங்க.

நைட் ஷிப்ட் வாரம் ஞாயிறு தவறிடும், அப்போ லீவு விழுற நாள்ல உக்காருவேன். சில வாரம் நோட்டுல ஒண்ணுமே தேறாது, அப்பவும் எல்லாத்தையும் படிச்சுட்டு தேதி மட்டும் போட்டுட்டு டிபன் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பிடுவேன்.