புரட்டாசியில் போர்ட் செயின்ட் ஜான்ஸ்

இந்த வருஷம் வசந்த விடுமுறைக்குப் போர்ட் செயின்ட் ஜான்ஸ் போகிறோம், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே இருக்கிற கடற்கரை ஊர். பாதிப் பணம் கட்டியாகிவிட்டது, இனிப் பின்வாங்க முடியாது.

டர்பனில் தமிழ் வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று நான் சொல்லவே வேண்டாம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடும் நேரம் பார்த்துப் புரட்டாசி நடக்கும். ஒரு மாதம் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது, சனிக்கிழமை சனிக்கிழமை பெருமாளுக்கு விளக்கேற்றி இலை போட்டுப் படைக்க வேண்டும். அதனால் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் "டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள், நானும் பத்து வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன். டிசம்பரில் போனால் என்ன கிடைக்கிறது? கூட்டமும் வெக்கையும் சாயங்காலமானால் இடிமழையும். வைல்ட் கோஸ்ட் என்கிற அந்தக் கரைப் பக்கம் போவதென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம்தான் என் கணக்கில் நல்ல காலம். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கும், அது உண்மை. ஆனால் வெயில் இதமாக இருக்கும், வடக்கே போயிருந்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு தெற்கே திரும்புகிற மாதங்களும் இவைதான், கரையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

அம்மா ஒப்புக்கொள்ளத்தான் நாளாயிற்று. அம்மா மேல் தப்பில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே புரட்டாசியில் வேறோர் ஊருக்கு இரண்டு நாள் போயிருந்தோம். தனி அடுப்படி உண்டு என்று ஃபோனில் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் நான்கு அறைக்கும் சேர்த்து ஒரே அடுப்படி. அடுப்பின் மேல் இருந்த வாணலியில் முந்தின நாள் ஆட்டுக்கறியின் கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. அம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளும் வாழைப்பழமும் ரொட்டியும் தின்றுவிட்டு, "எனக்குப் பசிக்கவே இல்லை கண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இந்தத் தடவை பிடித்தது ரோண்டாவெல் என்கிற வட்டமான குடில், அதற்கென்று தனி அடுப்படி. அதன் படத்தை வாட்ஸாப்பில் வாங்கி, அம்மாவிடம் காட்டின பிறகுதான் பணம் அனுப்பினேன். சட்டிபானை எல்லாம் நம்முடையது. கேஸ் அடுப்பும் கையோடு வருகிறது, மின்சாரம் நின்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

வழியைப் பற்றிச் சொல்கிறேன், யாராவது கிளம்புவதாக இருந்தால் உதவும். டர்பனிலிருந்து தெற்கே போர்ட் எட்வர்ட் வரைக்கும் நல்ல சாலை, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அங்கே உம்தம்வுனா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினதும் ஈஸ்டர்ன் கேப் மாகாணம் வந்துவிடும். அப்புறம் பிசானா, ஃபிளாக்ஸ்டாஃப், லுசிகிசிகி என்று வரிசையாக ஊர்கள், எல்லாம் ஆர்61 சாலையில். கோக்ஸ்டாட், ம்தாத்தா சுற்றிப் போகும் என்2 வழியும் இருக்கிறது, ஆனால் தூரம் அதிகம். என்2-வையே கரையோரமாகக் கொண்டுவரப் புதுச்சாலை போடுகிறார்கள். ம்சிகாபா ஆற்றுப் பள்ளத்தின் மேல் கம்பிவடத்தில் தொங்குகிற பாலம், நடுவே தூணே இல்லாமல் 580 மீட்டர் நீளம். அது மாதிரி ஒரு பாலம் வந்தபின் இந்தக் கரை இன்றைக்கு இருக்கிற மாதிரியே இருக்குமா என்று எனக்குள் ஒரு கவலை உண்டு. அதனாலும்தான் பிள்ளைகளை இப்போதே கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது.

சாலையில் ஒரே ஒரு விதி: இருட்டில் ஓட்டாதீர்கள். வேலி கிடையாது, மாடு, ஆடு, கழுதை, பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும் பிள்ளைகள் எல்லாம் தார்ச்சாலையிலேயே வருவார்கள். அப்பா பக்கியை, அதாவது பிக்கப் வண்டியை, ஓட்டின காலத்தில் ஒரு தடவை நேரமாகிவிட்டது. லுசிகிசிகி தாண்டிப் பனி இறங்கின வளைவில், கறுப்பு மாடு ஒன்று நடுச்சாலையில் படுத்திருந்தது. அப்பா பிரேக்கை அழுத்திய அழுத்தில் பின்னால் இருந்த நான் முன்சீட்டில் வந்து மோதினேன். மாடு எழுந்திருக்கவே இல்லை. அதனால் காலை ஐந்து மணிக்கு வண்டி எடுக்கிறோம், வழியில் பெட்ரோல் போட்டு, இட்லி சாப்பிட்டுப் போனாலும் வெளிச்சத்திலேயே சேர்ந்துவிடலாம்.

ஊருக்குள் நுழையும்போதே தெரியும் இது வேறு மாதிரி இடம் என்று. ம்சிம்வுபு ஆறு கடலில் சேருமிடத்தில் இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை, ஒன்று தெசிகர், இன்னொன்று சல்லிவன், நடுவில் ஆறு வாசல் வழியாக வருகிற மாதிரி வரும். தெசிகர் மலைக்கு வண்டியிலேயே ஏறலாம், மேலே தட்டையாக ஒரு பழைய விமான ஓடுபாதை இருக்கிறது. ஆறு வளைந்து வளைந்து வருவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. டவுனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, காய்கறியும் ரொட்டியும் வாங்கலாம், அவ்வளவுதான்.

கடலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாம் டர்பன்காரர்கள், 1952-லிருந்து சுறா வலை போட்ட கடலில் குளித்துப் பழகினவர்கள். அங்கே வலை கிடையாது. செகண்ட் பீச் பார்க்கச் சொர்க்கம் மாதிரி இருக்கும், ஆனால் 2007-க்குப் பிறகு சுறா தாக்கி அங்கே பல பேர் இறந்திருக்கிறார்கள், கடற்கரையில் காவல் பார்த்த உயிர்காப்பாளர்கள் உட்பட. ஆற்று முகத்துவாரங்களில் தண்ணீர் கலங்கி வரும், அந்தக் கலங்கலில்தான் ஸாம்பேசி சுறா வரும். அதனால் பிள்ளைகளுக்குக் கணுக்கால் வரைதான் கடல் என்று இப்போதே சொல்லிவிட்டேன். தம்பி மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், பரவாயில்லை. குளிக்க வேண்டுமென்றால் பாறைக்குட்டை பார்த்துக்கொள்ளலாம். நடக்க சிலாகா சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது, காட்டுக்குள் இறங்கிப் போனால் கடல், வழியில் வரிக்குதிரை மேயும்.

ஒரு நாளை ம்போடி என்கிற கடற்கரை ஊருக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். லுசிகிசிகியிலிருந்து பிரிகிற மண்சாலை, மாக்வா தேயிலைத் தோட்டத்தின் நடுவே போகும். சட்டென்று பார்த்தால் நீலகிரி மாதிரியே இருக்கிறது என்று, ஊட்டிக்குப் போய்வந்த மாமா ஒருத்தர் சொல்லியிருக்கிறார். நம் ஆட்கள் நேட்டாலில் கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் எது? அங்கேயே மாக்வா அருவி, 140 மீட்டருக்கு மேல் உயரம், பூமி பிளந்த மாதிரி ஒடுங்கின பள்ளத்தில் போய் விழுகிறது. விளிம்பில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ம்போடி என்றால் கோசா மொழியில் பீன்ஸ் என்று அர்த்தம். அதைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார், ஏனென்றால் நாங்கள் கட்டிக்கொண்டு போகப்போவதும் சுகர் பீன்ஸ் கறிதான்.

எனக்கென்று அங்கே போக வேறொரு காரணமும் உண்டு. ம்போடிக்கு வடக்கே, அதே கரையில் லம்பாசி விரிகுடா இருக்கிறது. 1782 ஆகஸ்ட் 4-ஆம் தேதி குரோவ்னர் என்ற கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. அது மெட்ராஸிலிருந்து கிளம்பின கப்பல். இங்கிலாந்து போகவேண்டியது. இந்திய மாலுமிகளும் வேலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். நூறு பேருக்கு மேல் உயிரோடு கரையேறினார்கள், ஆனால் டச்சுக்காரர்கள் இருந்த கேப் நோக்கி நடந்ததில் போய்ச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நம் கதையை எப்போதும் 1860 நவம்பர் 16, ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனுக்கு ட்ரூரோ கப்பல் வந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறோம், அதுவும் மெட்ராஸ் கப்பல்தான். அதற்கு 78 வருஷம் முன்னாலேயே மெட்ராஸில் ஏறின யாரோ ஒருத்தர் இந்தக் கரையில் நனைந்த துணியோடு நின்றிருக்கிறார். அவருக்கு என்ன மொழி, என்ன பேர் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். லம்பாசி வரை எங்கள் வண்டி போகாது. ம்போடிக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் போதும் எனக்கு.

சரி, சாப்பாடு. பருப்பு, அரிசி, காய்ந்த சுகர் பீன்ஸ், ஊறுகாய், மசாலா இங்கிருந்தே. மதும்பிக் கிழங்கும் பட்டர்நட் பூசணியும் வழியில் பெண்கள் சாலையோரம் விற்பார்கள், "மோல்வேனி" என்று கோசாவில் வணக்கம் சொல்லிவிட்டு வாங்குங்கள், டர்பனில் நாம் பேசுகிற ஸுலுவும் அங்கே நன்றாகவே புரியும். செப்டம்பர் 24-ஆம் தேதி ஹெரிடேஜ் டே விடுமுறை, நாடே பிராய் போடும், அதாவது வெளியே நெருப்பில் சுட்டுச் சாப்பிடும். நாங்களும் போடுகிறோம்: மீலீஸ் என்கிற மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, எண்ணெயும் மிளகாய்த்தூளும் தடவின கத்திரிக்காய். தூண்டில் எடுத்துப்போகலாமா என்று அண்ணன் கேட்டார். விரதத்தில் தூண்டிலா? அதுவும் ஷாட் மீனுக்கு அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் அரசாங்கமே தடை போட்டிருக்கிறது. மீனும் விரதம் முடியட்டும் என்று காத்திருக்கிறது என்று அப்பா சொல்வார்.

கடைசியில் சிக்கினது சனிக்கிழமை. ஞாயிறு கிளம்பி வெள்ளி திரும்பிவிடலாம், சனிக்கிழமைப் படையல் வீட்டிலேயே நடக்கட்டும் என்றுதான் முதலில் திட்டம் போட்டேன். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் செகண்ட் பீச் படங்களை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கரையில் மாடுகள் வந்து படுத்திருக்கும். யாரும் ஓட்டிவருவதில்லை, தானாகவே குன்றிலிருந்து இறங்கி வந்து ஈர மணலில் அலையைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டு கிடக்கும். ஒரு படத்தில் செம்மறையாக ஒரு பசு, நெற்றியில் வெள்ளை, பக்கத்தில் கன்று. அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சனிக்கிழமையும் வருமாடா இதெல்லாம்?"

"தினமும் வரும்மா."

"அப்போ வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டாம். விளக்கை நான் எடுத்துக்கிறேன்."

இப்போது ஞாயிறு வரை அறை போட்டாயிற்று. காமாட்சி விளக்கைப் பாத்திரம் துடைக்கிற புதுத்துணியில் சுற்றி, நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு தன் கைப்பையிலேயே வைத்துவிட்டார், டிக்கியில் வைக்க விடமாட்டேன் என்கிறார். கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.