மூடியோடு வரும் எவர்சில்வர்: கண்ணூர் நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 6, சனி

எங்கள் பழைய சாமான் குடோன் ஷட்டரைத் தூக்கியதுமே முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னைக்கு எவர்சில்வர் வந்தா நீ தொடாதே, என்னைக் கூப்பிடு."

நேற்று நள்ளிரவுக்கு மேல் பானூரில், கட்டி முடிக்காத ஒரு வீட்டில் குண்டு செய்துகொண்டிருந்தபோதே வெடித்திருக்கிறது. ஒரு இளைஞர் செத்துப்போனார். கூட இருந்தவர்களுக்குப் பலத்த காயம். சி.பி.எம். ஆட்கள் என்று ஊர் சொல்கிறது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கட்சி சொல்கிறது. இருபத்தாறாம் தேதி நாடாளுமன்றத் தேர்தல்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். எவர்சில்வர் பாத்திரத்தில் வெடிமருந்தை அடைத்தால் இங்கே அது ஸ்டீல் பாம். பந்து மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்தால் ஐஸ்கிரீம் பாம். செய்தவன் அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. பூட்டிக் கிடக்கும் வீடு, புதர், ஓடைக்கரை என்று எங்காவது ஒளித்துவைக்கிறான். பிறகு போலீஸ் கெடுபிடி வரும், அல்லது அவனே ஜெயிலுக்குப் போவான், பொருள் அங்கேயே கிடக்கும். பூட்டிய வீட்டுக் கொல்லையும் புதரும் ஓடைக்கரையும்தான் எங்களுக்குச் சரக்குப் பொறுக்கிக் கொண்டுவருபவர்கள் சுற்றும் இடங்கள்.

மே 24, வெள்ளி

2015-இல் இதே பானூர்ப் பக்கம் குண்டு செய்யும்போது இறந்த இரண்டு பேருக்கு இந்த மாதம் சி.பி.எம்.காரர்கள் நினைவு மண்டபம் திறந்திருக்கிறார்கள். பேப்பரில் படம். சி.பி.எம்.மை மட்டும் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 ஜனவரியில் பையனூர்ப் பக்கம் ஆர்.எஸ்.எஸ்.காரர் ஒருவர் வீட்டில் வெடித்து அவர் விரல்கள் போயின. எதிர்க் கட்சிக்காரன் செய்கிறான் என்று இரண்டு பக்கமும் சொல்கிறது. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கமும் சொல்வது உண்மை.

ஜூன் 19, புதன்

நேற்று எரஞ்ஞோளியில் எண்பது வயது தாண்டிய பெரியவர் ஒருவர். ஆளில்லாத வீட்டுத் தோட்டத்தில் தேங்காய் பொறுக்கப் போயிருக்கிறார். ஒரு ஸ்டீல் டப்பா கிடந்திருக்கிறது. எடுத்துத் திறக்கப் பார்த்திருக்கிறார்.

தேங்காய் பொறுக்கப் போன மனிதர்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் டிவிக்காரர்கள் முன்னால் நின்று, இங்கே குண்டு கிடைப்பது புதிதல்ல, பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை என்று பேசியிருக்கிறார். குடோனில் எல்லோரும் போனில் அதைத்தான் பார்த்தோம். முதலாளி மட்டும் பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணு அங்கேயேதானே குடியிருக்கணும்" என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

பூட்டிய வீடுகளை எல்லாம் போலீசும் வெடிகுண்டுப் பிரிவும் நாயோடு வந்து சோதிக்கிறார்கள். பத்து நாள் ஓடும், அப்புறம் நின்றுவிடும் என்கிறார் டீக்கடையில் உட்காரும் ஓய்வுபெற்ற வாத்தியார். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவர் 1999-க்குத்தான் போவார். அந்த வருஷம் திருவோணத்தன்று பி. ஜெயராஜனை அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள், பிழைத்துக்கொண்டார். டிசம்பர் 1 அன்று மொகேரிப் பள்ளியில் ஜெயகிருஷ்ணன் மாஸ்டரைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே வெட்டிக் கொன்றார்கள். முன்னவர் சி.பி.எம்., பின்னவர் பா.ஜ.க.வின் இளைஞர் அணியான யுவ மோர்ச்சா.

"அந்தப் பசங்களை நினைச்சுப் பாருங்க தம்பி" என்றார். "ரத்தம் தெறிச்ச நோட்டோட வீட்டுக்குப் போயிருக்கும். அடுத்த வாரம் பரீட்சைக்குப் படின்னா எதைப் படிக்கும்?"

அந்தப் பிள்ளைகளுக்கு இன்று முப்பத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். அவர்கள் பிள்ளைகளே இப்போது பள்ளிக்கூடம் போகும். கொலைவழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த வகுப்பைப் பற்றி வாத்தியாரைத் தவிர இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஜூன் 27, வியாழன்

கணக்கெழுதுகிறவன் புத்தி, ராத்திரி உட்கார்ந்து எண்களைத் தேடினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கியதாகப் பத்திரிகைகளில் வந்தது: 2000 முதல் 2016 வரை கண்ணூர் மாவட்டத்தில் 69 அரசியல் கொலைகள். ஆர்.எஸ்.எஸ்., பா.ஜ.க. பக்கம் 31, சி.பி.எம். பக்கம் 30. வரவும் செலவும் இவ்வளவு நெருக்கமாக வந்தால் எங்கள் குடோனில் யாரோ உட்கார்ந்து சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவோம்.

இந்த 61 பேருக்கும் கட்சி உண்டு. செத்தால் கொடி போர்த்துவார்கள், குடும்ப நிதி திரட்டுவார்கள், வருஷம் தவறாமல் நினைவு நாள் நடத்துவார்கள். விதவைக்கு அது போதும் என்று சொல்லவில்லை, ஆனால் அவள் பேரைச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். 1998-இல் இதே மாவட்டத்தில் குப்பை பொறுக்கிய தமிழ்ச் சிறுவன் ஒருவன் கையில் எடுத்தது வெடித்து, ஒரு கையும் ஒரு கண்ணும் போனது. அவன் எந்தப் பக்கக் கணக்கு? எந்தக் கட்சியின் பெயரையும் அவன் சரியாகச் சொல்லியிருக்க மாட்டான்.

ஜூலை 6, சனி

முதலாளி புது விதி போட்டார். மூடியைத் திறந்து, உள்ளே காலியாக இருப்பதைக் காட்டினால்தான் எவர்சில்வர் எடுப்பது. எழுதி ஒட்டச் சொன்னார்.

நான் ஒட்டவில்லை. 2022-இல் இதே தேதியில்தான் மட்டனூர்ப் பக்கம் அசாம்காரர்கள், அப்பனும் மகனும், பொறுக்கிக் கொண்டுவந்த டப்பாவை வாடகை வீட்டில் வைத்துத் திறந்து செத்தார்கள். "சேட்டா, திறக்கறதுலதான் வெடிக்குது. நம்ம குடோனுக்கு வெளியே வெடிச்சாப் போதும்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றேன். கோபப்பட்டார். வயசுக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகள் எனக்கு இருக்கிறார்கள், நீயா பார்த்துக்கொள்வாய் என்றார். அதுவும் நியாயம்தான். சாயங்காலம்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஜூலை 8, திங்கள்

விதியை மாற்றிவிட்டார். மூடியிருக்கும் பாத்திரம் எதையும் எடுப்பதில்லை. பார்த்தால் தொடாமல் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சரக்குப் போடவந்த சேலத்து அக்காவிடம் சொன்னேன்.

"போலீசுக்கு யாரு சொல்றது, நானா?" என்றார். "நீ எங்க பார்த்தே, அங்க உனக்கென்ன வேலைன்னு முதல்ல என்னைத்தான உட்கார வைப்பான்? அப்புறம் ஒளிச்சு வச்சவன் வந்து கேப்பான். அட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நீங்க குடுக்கற காசு கட்டுமா தம்பி? எவர்சில்வர்லதான் நாலு காசு நிக்குது."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அன்றைய அட்டையை எடை போட்டுப் பணம் கொடுத்தேன்.

ஜூலை 13, சனி

அக்கா இந்த வாரம் வரவில்லை. கூத்துப்பறம்பு ரோட்டில் வேறொரு கடையில் மூடியோடு எடுக்கிறார்களாம், கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து.