நள்ளிரவுக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்பு

என் மகன் 2023 மே 11, வியாழக்கிழமை இரவு 11.48க்குப் பிறந்தான். பிரசவக் கூடத்தில் எழுதப்பட்ட தாளோ அவன் மே 12, நள்ளிரவு 12.14க்குப் பிறந்ததாகச் சொன்னது. இருபத்தாறு நிமிட வேறுபாடுதானே, இதற்கா இத்தனை அலைச்சல் என்று நெருங்கிய உறவினர்களே கேட்டார்கள். அந்த இருபத்தாறு நிமிடத்துக்குள் ஒரு நள்ளிரவு கடந்துபோனது. நம் மலேசியாவில் அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதி என்பதால், அந்தத் தாள் அப்படியே போயிருந்தால் அவன் வாழ்நாள் முழுக்கத் தவறான எண்ணோடு நடமாடியிருப்பான். அதைத் திருத்திச் சரியான பிறப்புப் பத்திரத்தைக் கையில் வாங்க எங்களுக்குப் பதினெட்டு நாள் ஆனது.

கர்ப்ப காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் சீராக இருந்தன. பிங்க் புத்தகம் எனப்படும் கர்ப்பப் பரிசோதனைப் பதிவேட்டில் கவலைப்படும்படி எதுவும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்த ஒரே முக்கியமான செய்தி, 2019இல் மூத்தவள் பிறந்தபோது வலி தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் பிரசவம் முடிந்துவிட்டது என்பதுதான். முதல் பிரசவம் அவ்வளவு விரைவாக நடந்தவருக்கு இரண்டாவது இன்னும் விரைவாக நடக்கக்கூடும். சுகாதார மையத்துத் தாதி இதை மூன்று முறை எனக்கு நினைவூட்டினார். நாங்கள் குடியிருப்பது பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள புக்கிட் மெர்தாஜம். மூத்தவள் பிறந்த மருத்துவமனை பினாங்குத் தீவில் இருந்ததால், இரண்டாவது பிரசவத்துக்கும் அங்கேயே பதிந்திருந்தோம். இடையில் பாலம் இருக்கிறது என்பதை யோசிக்காமல் பதிந்தது எங்கள் முதல் தவறு.

அன்று மாலை நான்கு மணிக்கு வழக்கமான பரிசோதனைக்குப் போனேன். கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, ஆனால் வலி இல்லை, ஆகவே வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வலி வரும்போது திரும்பி வாருங்கள் என்றார்கள். முதல் பிரசவத்தின் வேகத்தைச் சொன்னேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு என்றும் சொன்னேன். "அக்கா முகத்தில் வலியே தெரியவில்லையே" என்று பயிற்சித் தாதி ஒருவர் சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. படுக்கை நிரம்பியிருந்தது என்பது எனக்குத் தெரியும்; அவர்கள் மேல் எனக்கு வன்மம் இல்லை. ஆனாலும், மூன்று சென்டிமீட்டரோடு, விரைவுப் பிரசவ வரலாற்றோடு, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பும்போது அந்த வரலாற்றை ஒரு முறையாவது புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். இதே நிலையில் இருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்வது இதுதான்: அனுப்பினாலும் வீட்டுக்குப் போகாதீர்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீடு இருந்தால் அங்கே தங்குங்கள்; இல்லையென்றால் காத்திருப்போர் கூடத்து நாற்காலியிலாவது இருங்கள்.

முதல் வலி 10.20க்கு வந்தது. பத்தே முக்காலுக்கெல்லாம் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது. பதினொன்று பத்துக்குப் பனிக்குடம் உடைந்தது. மூத்தவளை மாமியாரிடம் விட்டுவிட்டு, என் அம்மாவைப் பின் இருக்கையில் என்னோடு ஏற்றிக்கொண்டு கணவர் வண்டியை எடுத்தார். பிறைச் சாவடியில் டோல் கட்டணம் கழிந்த நேரம் 11.31. பாலத்தின் நடுவிலேயே எனக்கு முக்க வேண்டும் என்ற உந்துதல் வந்துவிட்டது. அதை அடக்க முடியும் என்று நினைப்பவர்கள் அதை அனுபவித்திராதவர்கள். பாலத்தைத் தாண்டித் துன் டாக்டர் லிம் சொங் யூ நெடுஞ்சாலையில் ஏறியதும், கணவர் அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்துத் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, இடது ஓரத்தில் அவசர விளக்குகளை எரியவிட்டு நிறுத்தினார்.

மறுமுனையில் பேசிய பெண்மணிக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன். குளிரூட்டியை நிறுத்தச் சொன்னார். தலை தெரிந்தால் இழுக்காமல் கையால் தாங்க மட்டும் சொன்னார். பிள்ளை வந்ததும் நன்றாகத் துடைத்துத் தாயின் நெஞ்சோடு வெறும் தோலில் படுக்க வைத்து, தலையையும் சேர்த்துப் போர்த்தச் சொன்னார். தொப்புள்கொடியை இழுக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, எதையும் வைத்துக் கட்டக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். அம்மா தம் இடுப்பில் சுற்றியிருந்த பாத்தேக் கைலியைத்தான் அவிழ்த்துப் பிள்ளையை ஏந்தினார். முதுகைத் தேய்த்ததும் அவன் அழுதான். "மணி என்ன?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். கணவர் வண்டியின் கடிகாரத்தைப் பார்த்து, "11.48" என்று சத்தமாகச் சொன்னார். அந்த ஒரு கேள்வியின் மதிப்பு எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

11.57க்கு அவசரப் பிரிவின் வாசலை அடைந்தோம். மகப்பேற்றுக் கட்டடம் அடுத்த வாசல், அங்கே போங்கள் என்று காவலர் கையைக் காட்ட, கணவர் பின்கதவைத் திறந்து காட்டினார். அதன்பிறகு ஆறு பேர் ஓடி வந்தார்கள். சக்கரப் படுக்கை, மின்தூக்கி, நீண்ட நடைபாதை எல்லாம் கடந்து பிரசவக் கூடத்தில் என்னைக் கிடத்திய பிறகுதான் கொடிக்குக் கிளிப் போட்டு அறுத்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் அப்போது 12.14. தாதி அதையே எழுதினார். பிள்ளை முழுதாக வெளியே வந்த நேரம்தான் பிறந்த நேரமே தவிர, கொடி அறுத்த நேரம் அன்று. ஆனால் அந்த நேரத்தில் தையல் போடப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. பிள்ளையின் உடல் சற்றுக் குளிர்ந்திருந்ததால் சூடேற்றும் விளக்கின் கீழ் வைத்தார்கள், எடை 2.9 கிலோ, பிசிஜி, ஹெப்படைடிஸ் பி ஊசிகள் போட்டார்கள், சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். மருத்துவத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து, பத்தியச் சாப்பாட்டுக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியார்தான் தாளை முதலில் கவனித்தார். "ஏம்மா, வியாழக்கிழமை ராத்திரி பொறந்த பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்காங்களே?" என்றார். ஜாதகத்துக்குக் கிழமை மாறாது, ஏனென்றால் நம் கணக்கில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். ஆனால் இலக்கினம் கணிக்க அவருக்கு நேரம் வேண்டும், அரசாங்கத்துக்குத் தேதி வேண்டும். இரண்டுமே தவறாக இருந்தன. மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன் அந்தத் தாளில் தேதி, நேரம், பிள்ளையின் பாலினம், தாயின் அடையாள எண் ஆகிய நான்கையும் நாங்கள் வாய்விட்டுப் படித்திருந்தால், அங்கேயே பத்து நிமிடத்தில் இது முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை கணவர் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போனார். முகப்பில் இருந்த எழுத்தர் தாளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எழுதியது எழுதியதுதான், கையெழுத்திட்ட மருத்துவர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. கணவர் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு வெள்ளிக்கிழமை மீண்டும் போனார், 12.20க்குப் போய்ச் சேர்ந்தார். பினாங்கில் அரசாங்க அலுவலகங்கள் வெள்ளிக்கிழமைகளில் 12.15 முதல் 2.45 வரை மூடியிருக்கும் என்பது இங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தூக்கமில்லாத ஒரு வாரத்தில் அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இரண்டரை மணி நேரம் காத்திருந்து முகப்பை அடைந்தபோது, இம்முறை வேறொருவர், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான விண்ணப்பமும், பிள்ளை மருத்துவமனைக்கு வெளியே பிறந்ததைப் பற்றிய போலீஸ் புகாரும் தேவை என்றார். இதைத் திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாம். அன்று மாலையே புகார் எழுதி வாங்கினோம்.

மே 24, புதன்கிழமை நானே போனேன். பிள்ளை பெற்றுப் பதின்மூன்றாம் நாள். வாசல் தாண்டக் கூடாத காலம். மாமியார் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. காதை மூடித் துணி கட்டி அனுப்பினார். டோல் கட்டணம் கழிந்த பதிவு, 999 அழைப்பு 11.44க்குத் தொடங்கியதைக் காட்டும் தொலைபேசித் திரையின் படம், போலீஸ் புகார், விண்ணப்பம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கியிருந்தோம். விடுப்பு முடிந்து வந்திருந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். நாங்கள் கொண்டுபோன எதையும் அவர் முதலில் பார்க்கவில்லை. என்னுடைய கோப்பையே வரவழைத்து, அதிலிருந்து அவசரப் பிரிவின் அனுமதிச் சீட்டை உருவினார். கணினி அச்சிட்ட நேரம்: மே 11, இரவு 11.58. அதன் கீழே கையெழுத்தில், வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது, அழுகிறது என்று எழுதப்பட்டிருந்தது.

இரவு 11.58க்குப் பதிவான குழந்தை 12.14க்குப் பிறந்திருக்க முடியாது. அந்தச் சான்று முதல் நாளிலிருந்தே அவர்களுடைய கோப்பிலேயே, நாங்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட அந்த முகப்புக்குப் பின்னால் இருந்த அலமாரியிலேயே இருந்தது. மருத்துவர் மன்னிப்புக் கேட்டார். பழைய நேரத்தை ஒரு கோட்டால் அடித்து, 11.48 என்றும் மே 11 என்றும் எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். வழியில் பிரசவிக்க நேர்ந்தவர்கள் வேறெந்தச் சான்றையும் தேடி அலைவதற்கு முன்னால், அவசரப் பிரிவில் பதிவான நேரத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறப்பைத் தேசியப் பதிவிலாகாவில் பதிவதற்கு அப்போது தீபகற்ப மலேசியாவில் 60 நாள் அவகாசம் இருந்தது. ஆகவே தேதி கைமீறிப் போகவில்லை. அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே தவறான தாளோடு போய்ப் பதிந்திருந்தால், பத்திரம் அச்சான பிறகு திருத்துவது இதைவிடப் பல மடங்கு கடினம். மறுநாள் வியாழக்கிழமை போனபோது மட்டும் ஒரு வீண் பயணம், அது முழுக்க எங்கள் பிழை: திருமணச் சான்றிதழின் நகலைக் கொண்டுபோனோம், அசல் சுங்கை பட்டாணியில் மாமனாரின் பெட்டியில் இருந்தது. அசல் வேண்டும்; பெற்றோர் இருவரின் மைகார்டு என்னும் அடையாள அட்டையும் அசலாக வேண்டும்.

பக்கத்து இருக்கையில் ஓர் இளம் தம்பதி எங்களைவிடக் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலில் தாலி கட்டியிருந்தார்கள், ஆனால் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். பதிவு இல்லையென்றால் பிள்ளையின் பத்திரத்தில் தந்தையின் பெயர் தானாக ஏறாது, இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். நம்மவர்களில் இன்னும் எத்தனை பேர் இதை விருந்து முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. கர்ப்பம் தரித்திருப்பவர்கள் தயவுசெய்து பிரசவத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

மே 29, திங்கட்கிழமை எல்லாம் சரியாக இருந்தது. அதிகாரி அச்சிடுவதற்கு முன் விவரங்களைத் திரையில் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார். பெயரின் எழுத்துக்கூட்டு, தேதி, நேரம், என் பெயர், கணவர் பெயர் என்று ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து நாங்கள் இருவரும் தனித்தனியாகப் படித்தோம்; பின்னால் வரிசை காத்திருந்தது, அதிகாரி அவசரப்படுத்தவில்லை. பிறப்புப் பத்திரமும் குழந்தைகளுக்கான அடையாள அட்டையான இளஞ்சிவப்பு மைகிட்டும் கைக்கு வந்தன. எண் 230511 என்று தொடங்கியது. அடுத்து பினாங்குக்கு உரிய 07. கடைசி இலக்கம் ஆண்பிள்ளைக்கு உரிய ஒற்றைப்படை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கையைக் கழுவிக்கொண்டு வந்து பத்திரத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரத்தைப் பார்த்தார். பிறகு நாட்காட்டியின் பின்பக்கத்தில் 11.48 என்று பேனாவால் எழுதி, ஜாதகம் கணிப்பவரிடம் கொடுப்பதற்காக அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.