கடலை என்ன விலை, தாத்தா?

போன மே மாதம், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் எழுபது வயது தாண்டிய ஒன்பது பேரிடம், சின்ன வயதில் போய் விளையாடிய பூங்காக்களைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தேன். கையில் இருந்தது செல்போனும் ஒரு நோட்டும்தான்.

முதல் இரண்டு பேரிடம், "அந்தக் காலத்துல பார்க் எப்படி இருந்துச்சு?" என்றே கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்தது. மூன்றாவதாகப் பக்கத்து வீட்டுத் தாத்தா. "பார்க்குக்குப் போனா என்ன வாங்கித் தின்பீங்க?" என்றேன். அவித்த கடலையில் ஆரம்பித்தவர் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. கம்பத்தில் கட்டியிருந்த ரேடியோ குழாய், சாயங்காலச் செய்திக்காகத் துண்டை விரித்து உட்கார்ந்த பெரியவர்கள், செய்தி முடியும்வரை ஓடக்கூடாது என்று அதட்டி உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் எல்லாம் வந்தன.

வருஷம் கேட்டால் ஒருவருக்கும் சொல்ல வரவில்லை. அதனால் கடலை விலையைக் கேட்டேன். அரையணா என்றால், நயா பைசா வந்த 1957க்கு முன்பாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் ஜனங்கள் அணாவிலேயே கணக்குப் பேசினார்கள். ஆகவே, திருநெல்வேலி ரேடியோ ஸ்டேஷன் வந்துவிட்டதா என்றும் கேட்பேன். அது 1963. இரண்டையும் வைத்து ஓரளவு பிடித்துவிடலாம்.

என்னைத் திருத்தியது எதிர்வீட்டு ஆச்சி. "பார்க்கா? பொட்டப்பிள்ளைகள யாருல அங்கன விட்டா?" என்றார். திருநெல்வேலி டவுன் பக்கம் பிறந்தவர். அவருக்குத் தாமிரபரணி ஆற்றங்கரையில் இருக்கும் குறுக்குத்துறைதான் எல்லாம். அம்மா துணி துவைக்கும்போது மணலில் ஊற்றுத் தோண்டியது, கல்மண்டபத்தில் ஒளிந்து விளையாடியது, வெள்ளம் வருகிறது என்றதும் முருகன் கோயில் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப்போவதைப் பின்னாலேயே ஓடிப் பார்த்தது என்று சொல்லிக்கொண்டே போனார். அதன்பிறகு நான் யாரிடமும் பார்க் என்று தொடங்கவில்லை. "எங்க போய் விளையாடுவீங்க?" என்றுதான் கேட்டேன்.

ஃபேன் சத்தம் பதிவைக் கெடுத்தது. மே மாத வெயிலில் வயதானவர்களிடம் அதை நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை. காலை ஆறரைக்கே போய், வாசல் நடையில் உட்கார்ந்து பேசினோம். அப்புறம், எழுத்தாக்கும்போது "அங்கன", "போயிருவாக" எதையும் மாற்றவில்லை.

ஆச்சி கேட்டதால் கடைசியாக ஒருநாள் ஆட்டோவில் குறுக்குத்துறைக்கே கூட்டிப்போனேன். படியில் உட்கார்ந்து இருபது நிமிஷம் பேசினார். ஆற்றுச் சத்தமும் கூடவே விழுந்திருக்கிறது. அதை நான் நீக்கவில்லை.