விண்கல் தோண்டிய புனித ஏரி

கானாவில் குமாசி நகருக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் போசும்ட்வி ஏரி இருக்கிறது. இறந்தவரின் ஆன்மா இங்கே வந்துதான் துவி என்ற கடவுளிடம் விடைபெறும் என்பது இப்பகுதியில் வாழும் அசாந்தி மக்களின் நம்பிக்கை.

சுற்றிலும் குன்றுகள், நடுவே வட்டமாகத் தண்ணீர். சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான பள்ளம் இது. அன்று உருகித் தெறித்த பாறைத்துளிகள் கண்ணாடியாக இறுகி, பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட் வரை கிடைக்கின்றன. யோசித்தாலே மலைப்பாக இருக்கிறது!

எனக்கு அதைவிடப் பிடித்தது அசாந்தி மக்கள் இங்கே மீன்பிடிக்கும் விதம். இந்தத் தண்ணீரில் இரும்பு படக்கூடாது, வழக்கமான படகும் ஆகாது என்பது பழைய மரபு. அதனால் ‘பதுவா’ என்ற தடித்த மரப்பலகைதான் வாகனம். அதன்மேல் ஏறி, கையாலேயே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வலைக்குப் போவார்கள். ஏரி கடவுளுடையது என்று மனதார நம்புகிறவர்களால்தான் இப்படி வாழ முடியும்.

ஏரியிலிருந்து வெளியே பாயும் ஆறு கிடையாது. அதனால் நீர்மட்டம் ஏறிய காலங்களில் கரையோர ஊர்கள் சில மூழ்கியே போயின. 2016இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக, அதாவது இயற்கையையும் மக்கள் வாழ்வையும் சேர்த்துப் பேணும் இடமாக, அறிவித்தது. ரொம்ப நல்ல காரியம்.