மிளகு இனி வீட்டுப் பூனை: இதுவரை செய்தவை

மே

மிளகு, கறுப்பு ஆண் பூனை, வயது இரண்டு இருக்கும். எங்கள் அபார்ட்மென்ட் முழுக்கத் தன் சொத்து என்று சுற்றிக்கொண்டிருந்தவன். கீழ்வீட்டு மாமியின் மல்லித் தொட்டிதான் அவனுக்குக் கழிப்பறை. எதிர்வீட்டு அண்ணனின் ஸ்கூட்டி சீட்டில் படுத்து எழும்போதெல்லாம் நகத்தைத் தீட்டிவிட்டு வருவான். போன மாதம் காது கிழிந்து வந்து நின்றான். இனி வெளியே விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காதைக் காட்டினோம். ரேபிஸ் ஊசியும் போட்டு, காது ஆறியதும் கருத்தடை ஆபரேஷனையும் அங்கேயே முடித்தோம். ஆண் பூனை சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது, ராத்திரி கத்துவது, சண்டைக்கு அலைவது எல்லாம் இதற்குப் பிறகு பெரும்பாலும் அடங்கும். உள்ளே வைத்து வளர்க்க நினைக்கிறவர்களுக்கு முதல் வேலை இதுதான். வலை, பொம்மை எல்லாம் அதற்கு அப்புறம்.

புறா வலை கட்டுகிறவரைக் கூப்பிட்டோம். வந்ததும் கேட்டார்: "சார், புறா வராம இருக்கணுமா, பூனை போகாம இருக்கணுமா?" மெல்லிய நைலான் வலையைப் பூனை கடித்தே ஓட்டை போட்டுவிடுமாம். அதனால் பால்கனி கிரில்லில் ஓர் அங்குலக் கண் உள்ள கம்பி வலையை வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினோம். பூனையின் காறை எலும்பு (தோள்பக்கத்து எலும்பு) மற்ற எலும்புகளோடு சேராமல் தனியாக இருப்பதால், தலை நுழைகிற சந்தில் உடம்பும் நுழைந்துவிடும். மூலைகளில்தான் அதிக நேரம் பிடித்தது. வாடகை வீடு, சுவரில் ஒரு துளைகூடப் போடவில்லை. பால்கனியிலிருந்த மணி பிளான்ட்டை மட்டும் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அந்த இலையைக் கடித்தால் பூனைக்கு வாய் புண்ணாகும்.

ஜூன்

வலையை விட வாசல் கதவுதான் பெரிய ஓட்டை. மணி அடித்தால் நமக்கு முன்னால் கதவில் நிற்பான். வீட்டு ஆளையே வெளியே நிறுத்தி மணி அடிக்கச் சொல்லி, அடிக்கும்போதெல்லாம் சமையலறை மூலையில் தீனி நாலு உருண்டை போட்டுப் பழக்கினோம். இப்போது மணிச் சத்தம் கேட்டால் சமையலறைக்கு ஓடுகிறான். கூரியர்காரர் நிம்மதியாகக் கையெழுத்து வாங்கிப் போகிறார்.

அடுத்தது மண் பெட்டி, வீட்டுக்குள் அவனுக்கான கழிப்பறை. கட்டட மணல் காசில்லாமல் கிடைத்தது, ஆனால் மறுநாளே நாற்றம் படிக்கட்டு வரை போனது. மணலுக்குப் பதில் மர உருண்டைகளைப் போட்டோம், மோந்து பார்த்துவிட்டுக் குளியலறை மிதியடியில் போய்க் கழித்தான். கடைசியில் பென்டோனைட். குஜராத்தின் கட்ச் பக்கம் நிறைய வெட்டியெடுக்கிற களிமண் இது. ஈரம் பட்டால் கட்டியாகிவிடும், கரண்டியால் அள்ளிவிடலாம். கனமும் தூசியும்தான் தொல்லை. இதை டாய்லெட்டில் கொட்டவே கூடாது. உள்ளே ஊதிக்கொண்டு பைப்பை அடைத்தால் கஷ்டப்படப்போவது கீழ்வீடு. காலையும் ராத்திரியும் அள்ளி, செய்தித்தாளில் பொதிந்து, கவரில் முடிச்சுப் போட்டுத்தான் குப்பைக்குக் கொடுக்கிறோம். தூய்மைப் பணியாளர் கையில் அது பிரிந்து கொட்டக் கூடாது.

மேல்வீட்டுப் பெண் மாசமாக இருக்கிறாள். அவள் மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார், "பூனையால குழந்தைக்கு ஆகாதாமே?" பயம் நியாயமானது. டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம். ஆனால் மலத்தோடு வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளினால் அந்த அவகாசமே கிடைக்காது. எலி பிடிக்காமல், பச்சை இறைச்சி தின்னாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு அது தொற்றுகிற வாய்ப்பும் குறைவு. உண்மையில் கவனிக்க வேண்டியது அரைவேக்காட்டுக் கறியும், தெருப்பூனைகள் கிளறுகிற தோட்ட மண்ணும்தான். "மண்ணைத் தொட்டா கையுறை போடச் சொல்லுங்க, எதுக்கும் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்கம்மா" என்றேன். டாக்டரும் இதையே சொன்னாராம்.

ஜூலை

மாமியிடமிருந்து புகார் வந்தது. "ஏம்ப்பா, விடிகாலம் நாலு மணிக்கு மாடில யாரு கோலி விளையாடறா?"

மிளகுதான். விடியலும் அந்தியும் பூனைக்கு வேட்டை நேரம். பிளாஸ்டிக் பந்துகளை எடுத்து ஒளித்து வைத்துவிட்டுத் துணிப்பந்து போட்டேன். அவன் ஓடுகிற பாதையில் பழைய ஜமக்காளம். படுக்கப் போகும் முன் குச்சியில் கட்டிய கயிற்றின் பின்னால் மூச்சு வாங்க ஓடவிட்டு, உடனே ராச்சாப்பாடு. வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது அவன் உடம்பின் வரிசை. அதோடு ஒத்துப்போனதில் நாலு மணி ஓட்டம் ஐந்தரைக்குத் தள்ளிப்போனது. ஐந்தரைக்கு மாமியே எழுந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்.

"தயிர்சாதம் போட்டு வளர்க்கப்படாதா?" என்றும் கேட்டார். மீன் வாடைக்காகத்தான். முடியாது மாமி. டாரின் என்கிற சத்தைப் பூனையால் போதிய அளவு உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது, மாமிசத்திலிருந்துதான் வரவேண்டும். குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். ஆனால் எங்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் மாமியின் பால்கனியைப் பார்த்து இருக்கிறது. அதனால் மத்தியும் நெத்திலியும் இப்போது ஞாயிறு மட்டும், அதுவும் மாமி கோயிலுக்குப் போகிற நேரத்தில். மற்ற நாளில் வேகவைத்த கோழியும் கடைத் தீனியும்.

சங்கக் கூட்டத்தில் ஒருவர் செல்லப்பிராணிக்கே தடை வேண்டும் என்றார். குடியிருப்போர் சங்கம் அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அது என் போனில் இருக்கிறது, எடுத்துக் காட்டவில்லை. சட்டத்தைக் காட்டி ஜெயித்தால் மறுநாள் அதே லிஃப்டில் முகம் பார்க்க வேண்டுமே. ஸ்கூட்டி சீட் கவருக்குப் பணம் கொடுத்ததும், மாமிக்குப் புது மல்லிச் செடி வாங்கி வைத்ததும்தான் எனக்காகப் பேசின.

ஆகஸ்ட்

நகம் தீட்டும் கம்பம்: தேங்காய் நார்க் கயிறு சுற்றினேன், வீடெல்லாம் நார். சணல் கயிறு நன்றாக நிற்கிறது. காலி மனையிலிருந்து குப்பைமேனி பிடுங்கி, வேரைக் கழுவிக் கம்பத்தில் தேய்த்தேன். அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் சும்மா வைக்கவில்லை. கன்னத்தை உரசி, உருண்டு, எச்சில் ஒழுக ஒரே கூத்து. எல்லாப் பூனையும் இப்படி மயங்குவதில்லை என்கிறார்கள்.

அடுத்து ஐப்பசி மழைக்குள் மண் பெட்டியைப் பால்கனியிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும், சாரல் பட்டால் மொத்தமும் களியாகிவிடும். ஹாலில் அவன் ஏறி உட்கார இரண்டு பலகை அடிக்கவும் ஆசை. ஹவுஸ் ஓனரிடம் கேட்டிருக்கிறேன், "பார்க்கலாம்" என்றிருக்கிறார்.